வளவு வீட்டுக்குள் ஒரு பிட்காயின் மைனர்: 77 டெசிபலில் இருந்து 46க்கு

“எய்யா, வீட்டுக்குள்ள மாவு மில்லு எதுவும் வச்சிருக்கியா?”

பக்கத்து வீட்டு ஆச்சி வாசலில் வந்து நின்றபோது காலை பத்து மணி இருக்கும். மெஷினை ஓட விட்டு இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

“இல்ல ஆச்சி. அது மைனர்.”

“மைனரா? யாரு வீட்டு மைனரு?”

ஜிப்பாவும் கழுத்துச் சங்கிலியுமாக ஓர் ஆளை நான் மச்சில் ஒளித்து வைத்திருப்பதாக ஆச்சி நினைத்திருக்க வேண்டும். பிட்காயினை விளக்கப் போனால் மதியமாகிவிடும். “கம்ப்யூட்டர் மாதிரி ஒண்ணு ஆச்சி, சத்தத்தக் குறைச்சிருதேன்” என்று சொல்லி அனுப்பினேன். அந்த ஒரு வாக்கைக் காப்பாற்ற எனக்குச் சித்திரையிலிருந்து ஆவணி வரை ஆயிற்று.

முதலில் வீட்டைச் சொல்ல வேண்டும். திருநெல்வேலி டவுனில் ரத வீதிகளுக்குப் பின்னால் உள்ள சந்துகளில் வளவு வீடுகள் இன்னும் உண்டு. பொதுவாக ஒரு வாசல், உள்ளே வரிசையாக வீடுகள். ஒவ்வொன்றும் தார்சா, பட்டாசல், இரண்டாம் கட்டு, அடுப்பங்கரை என்று ரயில் பெட்டி மாதிரி பின்னால் நீளும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். எங்கள் பட்டாசலில் யாராவது தும்மினால் ஆச்சி வீட்டிலிருந்து ‘நூறு’ என்று குரல் வரும். இப்படிப்பட்ட இடத்தில்தான் ஆன்ட்மைனர் எஸ்9 என்ற பிட்காயின் மைனரை, அதாவது ஓயாமல் கணக்குப் போட்டுப் புது பிட்காயினுக்குப் போட்டியிடும் மெஷினை, கொண்டுவந்து வைத்தேன்.

எஸ்9 என்பது 2016இல் வந்த மாடல். செங்கல் இரண்டை நீளவாக்கில் சேர்த்து வைத்த அளவுதான் இருக்கும். உள்ளே மூன்று பலகைகள், பலகைக்கு 63 சிப், ஆக 189 சிப்கள். எல்லாம் சேர்ந்து சுமார் 1,300 வாட் மின்சாரம் இழுத்து, கிட்டத்தட்ட அவ்வளவையும் சூடாக வெளியே விடும். இட்லி வேகும் இண்டக்‌ஷன் அடுப்பை ஒரு ஷூ டப்பாவுக்குள் அடைத்த மாதிரி. அந்தச் சூட்டை வெளியே தள்ள முன்னே ஒன்று, பின்னே ஒன்று என்று 120 மில்லிமீட்டர் விசிறிகள் இரண்டு. வீட்டு கம்ப்யூட்டரில் இருக்கும் விசிறி மாதிரி இல்லை. 38 மில்லிமீட்டர் தடிமன், நிமிடத்துக்கு 6,000 சுற்று வரை போகக்கூடியவை. இந்தப் பெட்டி ஆயிரக்கணக்கில் அடுக்கி ஓடுகிற கொட்டகைக்காகச் செய்தது. அங்கே மதியம் தூங்குகிற ஆச்சிகள் கிடையாது.

பணம் பார்க்கலாம் என்று யாரும் இதைப் படித்துவிட்டு வாங்க வேண்டாம். பிட்காயின் பேரேட்டின் அடுத்த பக்கத்தை (பிளாக்) முதலில் முடிப்பவருக்குத்தான் பரிசு. 2024 ஏப்ரலில் அந்தப் பரிசு பாதியாக்கப்பட்ட பிறகு ஒரு பிளாக்குக்குக் கிடைப்பது 3.125 பிட்காயின்தான். அதற்கு உலகமே போட்டி போடுகிறது. பிந்தைய மாடலான எஸ்21 ஒரு டெராஹாஷுக்கு, அதாவது லட்சம் கோடி முயற்சிக்கு, 17.5 ஜூல் செலவழிக்கிறது. என் கிழட்டு எஸ்9க்கு நூறு ஜூல் பக்கம் வேண்டும். மைனரை நாள் முழுக்க ஓட்டினால் இரண்டு மாதக் கணக்கில் ஈ.பி. மீட்டரில் 1,870 யூனிட் ஏறும். அந்த ஸ்லாபில் வருகிற பில்லைப் பார்த்தால் மைனரைத் தூக்கித் தாமிரபரணியில் போட்டுவிடலாம் என்றிருக்கும். கிடைக்கிற சில்லறைக்கும் 2022 முதல் 30 சதவீத வரி உண்டு; அதில் கரண்டுக் காசைக் கழித்துக்காட்டவும் வழியில்லை. பின்னே எதற்கு என்றால், பின்கட்டுத் தட்டட்டியில் (மொட்டை மாடியில்) 3 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறேன். பகலில் வீட்டில் ஆள் இல்லை. இந்த மெஷின் எப்படி ஓடுகிறது என்று பிரித்துப் பார்க்க ஆசை. கோயம்புத்தூரில் கடையைக் கட்டிய ஒருவர் பழைய சாமான் விலைக்குத் தள்ளிவிட்டார். அவ்வளவுதான் நியாயம். வீட்டில் இதை நியாயம் என்று இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

என் பிழைப்பு காற்றாலைப் பராமரிப்பு. பணகுடிப் பக்கம் டவர் ஏறி இறங்குகிற வேலை. இறக்கையும் காற்றும் சத்தமும் எனக்கு அத்துப்படி என்ற நினைப்பு இருந்தது. அந்த நினைப்பு எங்கே உதவியது, எங்கே மூக்குடைபட்டது என்பது இனிமேல்.

அளக்க என்னிடம் இருந்தது செல்போன் ஆப்தான். அது காட்டும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. ஆனால் ஒரே போன், ஒரே இடம், ஒரே உயரம் என்று வைத்துக்கொண்டால் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பலாம். மெஷினிலிருந்து ஒரு மீட்டரில், சுண்ணாம்புக் கட்டியால் தரையில் குறி போட்டு வைத்தேன். முதல் நாள் அளவு 77. விசிறி 5,600 சுற்று. ஆச்சி வீட்டுச் சுவரோரம் 51. எதுவும் ஓடாத வேளையில் அதே இடத்தில் 34. டெசிபலில் 10 குறைந்தால் காதுக்கு ஏறக்குறையப் பாதியாகத் தெரியும் என்பது நடைமுறைக் கணக்கு.

முதல் தப்பு, மச்சில் வைத்தது. கண்ணுக்கு மறைவாக இருக்கும், மேலே போனால் சத்தம் மேலேயே போய்விடும் என்று ஒரு எண்ணம். மச்சின் பலகைகள் தேக்கு உத்தரத்தின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. அந்த உத்தரத்தின் மறுமுனை ஆச்சி வீட்டுச் சுவருக்குள். விசிறியின் அதிர்வு பலகையில் இறங்கி, பலகை மேளத்தோல் மாதிரி அதை வாங்கி, உத்தரம் வழியாக நேராக ஆச்சியின் தலைமாட்டுக்குப் போய்விட்டது. ஆச்சிக்குக் கேட்டது காற்றில் வந்த சத்தம் பாதி, மரத்தில் வந்தது பாதி. இரண்டு விசிறியும் துல்லியமாக ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை, ஒன்று கொஞ்சம் முந்தும். அதனால் ‘வூம்… வூம்’ என்று ஏறி இறங்கும் முனகல் வேறு. ஒரே சீரான சத்தத்தைக் காது பழகிக்கொள்ளும். ஏறி இறங்குவதைப் பழகாது. மாவு மில் என்று ஆச்சி சொன்னது தப்பே இல்லை.

மச்சிலிருந்து இறக்கி இரண்டாம் கட்டில் சிமெண்டுத் தரையில் வைத்தேன். அடியில் நிறையான ஏதாவது வேண்டும். மூலையில் சும்மா கிடந்த அம்மிக்கல்லை எடுத்து, அதற்குக் கீழே லாரி டியூப் ரப்பரை நான்கு துண்டாக வெட்டி வைத்து, மேலே மெஷினை உட்கார வைத்தேன். கனமான கல், அடியில் மெத்தென்ற ரப்பர்: அதிர்வைத் தரைக்குப் போகவிடாமல் தடுக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. கல்லுக்கும் மெஷினுக்கும் நடுவிலும் ஒரு ரப்பர் விரிப்பு. என் அளவுகோலில் 77 அப்படியே நின்றது, ஆச்சி வீட்டில் மட்டும் 51 என்பது 46 ஆனது. சத்தம் குறையவில்லை, பாதை அடைபட்டது. “அரைக்கத்தான் யாரும் இல்ல, இதுக்காவது ஒதவட்டும்” என்று அம்மிக்காக வீட்டில் ஒரு வசனம் விழுந்தது.

இரண்டாவது தப்பைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் தள்ளி, மூன்று பக்கமும் மெத்தையைச் சாய்த்து வைத்தேன். முதல் பத்து நிமிடம் அற்புதமாக இருந்தது. சத்தம் அப்படியே அமுங்கிவிட்டது. பிறகு மெஷின் விட்ட சூட்டுக்காற்றை அதே மெஷின் திரும்ப உறிஞ்ச ஆரம்பித்தது. சூடு ஏற ஏற விசிறி வேகம் ஏறியது, 5,900. மெத்தைக்குள்ளிருந்து விமானம் கிளம்பும் ஓசை. இருபதாவது நிமிடம் சிப் சூடு எல்லையைத் தொட்டு மெஷின் தானே நின்றது. இலவம்பஞ்சு மெத்தையைத் தொட்டுப் பார்த்தால் இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி இருந்தது. இலவம்பஞ்சு எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்று எல்லோருக்கும் தெரியும். அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அடுத்து விசிறியை மாற்றினேன். வீட்டு கம்ப்யூட்டருக்கான ‘சத்தமில்லா’ விசிறி, 25 மில்லிமீட்டர் தடிமன், 1,500 சுற்று. நான்கு கம்பி, அதே பின், அப்படியே பொருந்தியது. மெஷின் கிளம்பவே இல்லை. விசிறி எத்தனை சுற்று சுற்றுகிறது என்று மூன்றாவது கம்பி வழியாக கன்ட்ரோல் போர்டு கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் குறைவாக வந்தால் விசிறி பழுது என்று நினைத்து நிறுத்திவிடும். இதை ஏமாற்றப் பொய்யான சுற்று எண்ணிக்கையை அனுப்பும் குட்டிச் சாதனங்கள் விற்கிறார்கள். அதை மட்டும் வாங்காதீர்கள். விசிறி நிஜமாகவே நின்றுபோனாலும் மெஷினுக்குத் தெரியாது.

செட்டிங்கில் அந்த எல்லையைத் தளர்த்தி ஓட்டிப் பார்த்தேன், ஐந்தே நிமிடத்தில் சூடு எல்லை தாண்டியது. காரணம், எஸ்9க்குள் ஹீட்சிங்குகள் (சிப்பின் சூட்டை வாங்கி வெளியே விடும் உலோகத் தகடுகள்) சீப்பின் பற்கள் மாதிரி நெருக்கமாக நிற்கின்றன. அவற்றினூடே காற்றைத் தள்ள அழுத்தம் வேண்டும். விசிறியில் காற்றின் அளவு வேகத்துக்கு நேராகக் கூடும். அழுத்தம் வேகத்தின் வர்க்கமாகக் கூடும். வேகம் கால் பங்கானால் காற்று கால் பங்கு, அழுத்தம் பதினாறில் ஒரு பங்கு. மெல்லிய விசிறி உள்ளே தள்ள முடியாமல் அதே இடத்தில் காற்றைக் கடைந்துகொண்டு நின்றது. விசிறிக்குக் கொடுத்த காசு தண்டம். இப்போது அவை மகளின் கம்ப்யூட்டரில் சுற்றுகின்றன.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. விசிறி கத்துவது அதன் குணம் இல்லை. சூடு இருக்கிறது, அதனால் கத்துகிறது. சூடு எங்கிருந்து வருகிறது? வாட்டிலிருந்து. நான் மூடிப் பார்த்தேன், விசிறியை மாற்றிப் பார்த்தேன், இடத்தை மாற்றினேன். வாட்டில் கை வைக்கவே இல்லை.

காற்றாலையில் இதே கதைதான். இறக்கையின் சத்தம் நுனி வேகத்தின் ஐந்தாம் படியோடு ஏறும் என்பது எங்கள் தொழிலில் அடிப்படைப் பாடம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தச் சின்ன விசிறி 5,600 சுற்றில் சுற்றும்போது இறக்கை நுனி நொடிக்கு 33 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 120 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நான்குவழிச் சாலையில் அந்த வேகத்தில் பைக் ஓட்டினால் காதில் எப்படி இரையும்! வேகத்தைப் பாதியாக்கினால் ஐந்தாம் படிக் கணக்கில் 15 டெசிபல் குறைய வேண்டும். பெட்டி இல்லாமல், பஞ்சு இல்லாமல், ஒரு ரூபாய் செலவில்லாமல்.

வாட்டைக் குறைக்க மெஷினோடு வந்த மென்பொருளில் வசதி போதவில்லை. பிரெய்ன்ஸ் ஓஎஸ் என்ற மென்பொருளை எஸ்டி கார்டில் எழுதி, கன்ட்ரோல் போர்டில் ஜேபி4 என்று பெயர் போட்ட ஜம்பரை (பின்களை இணைக்கும் குட்டி மூடியை) மாற்றி, கார்டிலிருந்தே துவக்கினேன். இதில் ‘இத்தனை வாட்டுக்கு மேல் போகாதே’ என்று எல்லை போடலாம். போட்டால் ஒவ்வொரு சிப்பும் எந்த வேகத்தில், எந்த வோல்டேஜில் நிம்மதியாக ஓடுகிறது என்று அதுவே தடவித் தடவிக் கண்டுபிடிக்கும். முதல் தடவை சில மணி நேரம் எடுக்கும், பதறாமல் விட வேண்டும். சிப் இழுக்கும் மின்சாரம் அதன் வேகத்தோடும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் சேர்ந்து ஏறும். அதனால் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வோல்டேஜையும் இறக்கினால், வேலை குறைவதைவிட மின்சாரம் அதிகமாகக் குறையும். 1,300 வாட்டில் நொடிக்கு 13.5 டெராஹாஷ் கொடுத்த பெட்டி, 700 வாட்டில் 8 டெராஹாஷ் சொச்சம் கொடுத்தது.

விசிறி 2,900 சுற்றுக்கு இறங்கியது. சுண்ணாம்புக் குறியில் போனை வைத்தேன். 63.

14 டெசிபல் போயே போய்விட்டது. கணக்கு இவ்வளவு சரியாக வந்தால் எனக்கே சந்தேகம் வரும், அதனால் மூன்று தடவை அளந்தேன். ஆச்சி வீட்டுச் சுவரோரம் 36. அங்கே ஆள் அரவமில்லாத நேரத்து அளவே 34 என்பதை நினைவில் வையுங்கள். பகலில் ஓட்டுகிறவர் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பதுதான் என் அபிப்பிராயம். நான் நிறுத்தாததற்குக் காரணம் ஆச்சியின் மதியத் தூக்கம். ஒன்றிலிருந்து மூன்று மணி வரை ஆச்சி தலைசாய்ப்பது அந்தப் பொதுச்சுவரை ஒட்டித்தான்; என் சோலார் உச்சத்தில் இருப்பதும் அதே ஒன்றிலிருந்து மூன்று.

இன்னொன்று, பெரிய சத்தம் அடங்கியதும் அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த சின்னச் சத்தம் வெளியே வந்தது. பவர் சப்ளையின் குட்டி விசிறி. கொசு ரீங்காரத்தை ஒலிபெருக்கியில் போட்ட மாதிரி. சின்ன விசிறி அதே காற்றைத் தள்ள அதிக வேகம் சுற்ற வேண்டும், அதனால்தான் அந்தக் கீச்சுக் குரல். கழற்றி மாற்றத் தோன்றும். வேண்டாம். உள்ளே இருக்கிற பெரிய கெப்பாசிட்டரில் 400 வோல்ட் பக்கம் நேர்மின்சாரம் தேங்கியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். டவர் மேலே 690 வோல்ட்டில் வேலை செய்கிற நானே அதைத் திறக்கவில்லை. அதையும் சேர்த்துப் பெட்டிக்குள் போடுவது என்று முடிவு செய்தேன்.

பெட்டி செய்ய வண்ணார்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு தச்சு அண்ணாச்சி. “என்ன வே, கோழிக்கூடா?” என்றார். படம் வரைந்து காட்டினேன். நடுவில் ஒரு தடுப்பு, அதில் மெஷின் சரியாகச் செருகுகிற அளவுக்கு ஓர் ஓட்டை. தடுப்புக்கு இந்தப்பக்கம் குளிர்ந்த காற்று, அந்தப்பக்கம் சூட்டுக்காற்று. இரண்டும் ஒரு விரல் இடுக்கு வழியாகக்கூட சந்திக்கக் கூடாது. மெத்தையில் நான் படித்த பாடம் அது. ஓட்டையின் விளிம்பில் கதவு ரப்பர் ஒட்டி மெஷினை இறுக்கமாகச் செருகினோம்.

18 மில்லிமீட்டர் பிளைவுட். வெளியே போகிற சத்தத்தைத் தடுக்க எடை வேண்டும், அதைப் பலகை செய்யும். ஆனால் உள்ளே சத்தம் சுவர் சுவராக மோதிக் குவியும், அதை உறிஞ்ச நாரிழை வேண்டும். இது இரண்டும் வேறு வேறு வேலை. வெறும் பலகைப் பெட்டி தகர டப்பா மாதிரி எதிரொலிக்கும். வெறும் பஞ்சு சத்தத்தை வடிகட்டாமல் விட்டுவிடும். தெர்மாகோல் இரண்டுக்குமே ஆகாது. நிறைய பேர் அதை ஒட்டிவிட்டு ஏமாறுகிறார்கள், போதாததற்குத் தீப்பிடிக்கும். கோரைப்பாய், தென்னை நார் எல்லாம் யோசித்தேன். பத்தமடைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு பாயை நினைக்காமல் இருக்க முடியுமா? ஆனால் ஆளில்லா வீட்டில் 700 வாட் சூட்டைச் சுற்றிக் கோரையைச் சுருட்டி வைக்க மனசு வரவில்லை. கடைசியில் ராக்வூல். 50 மில்லிமீட்டர் பலகை, மதுரையிலிருந்து பார்சலில் வந்தது. கல்லை உருக்கி இழையாக்கியது, எரியாது. வெட்டும்போது முழுக்கைச் சட்டை, கையுறை, முகமூடி மூன்றும் அவசியம். நான் கையுறையை மட்டும் போட்டுக்கொண்டு முழங்கை வரை இரண்டு நாள் சொறிந்தேன்.

அந்த இழை காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு துணி வேண்டும். இங்கேதான் என் பிழைப்பு கைகொடுத்தது. காற்றாலை இறக்கையில் விரிசல் விழுந்தால் கண்ணாடி நார்த் துணி வைத்துப் பிசின் பூசி ஒட்டுவோம். அதில் வெட்டிப்போட்ட துண்டுகளை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வந்தேன். அதுவும் எரியாது. துணிக்கு மேல் கோழி வலையை வைத்து ஆணி அடித்தோம். “அப்ப கோழிக்கூடுதான்னு ஒத்துக்கிடும்” என்றார் அண்ணாச்சி.

காற்று உள்ளே வருகிற வழியும் வெளியே போகிற வழியும்தான் சத்தம் தப்பிக்கிற வழி. பெட்டியின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டை இருந்தால்கூட, சுவர் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் குறைக்க முடியாது. பத்தில் ஒரு பங்கு என்றால் 10 டெசிபலோடு சரி. ஓட்டை இல்லாமல் இருக்கவும் முடியாது. அதற்குத்தான் வளைவு. உள்ளே வரும் காற்று ஒரு ராக்வூல் சுவரில் முட்டித் திரும்பி, இன்னொன்றில் முட்டித் திரும்பி வருகிற மாதிரி பாதையை மடித்தோம். காற்று வளைந்து போகும். கீச்சுச் சத்தத்துக்கு வளையத் தெரியாது, சுவரில் முட்டி இழைக்குள் மாட்டிக்கொள்ளும். தாழ்ந்த முனகல் ஓரளவு வளைந்து வந்துவிடும்; தரையில் இறங்கும் அதிர்வை மட்டும் அம்மிக்கல் பார்த்துக்கொள்ளும்.

எவ்வளவு காற்று வேண்டும் என்ற கணக்கும் கடினமில்லை. உள்ளே போகிற காற்றைவிட வெளியே வருவது 12 டிகிரி கூடுதல் சூடாக இருக்கட்டும் என்று வைத்தால், ஒவ்வொரு 100 வாட்டுக்கும் மணிக்கு 26 கன மீட்டர். 700 வாட்டுக்கு 180 சொச்சம். ஆறு அங்குல டக்ட் (காற்றுக்குழாய்) விசிறி ஒன்றைச் சூட்டுப்பக்கத்தில் பொருத்தி அரை வேகத்தில் ஓட விட்டேன். அங்கிருந்து உறை போட்ட வளையும் டக்ட், தட்டட்டிக்கு. டக்டை வாங்கியபடி சுருக்கத்தோடு விடாமல் நன்றாக இழுத்து நீட்டிப் பொருத்துங்கள். ஒவ்வொரு சுருக்கமும் காற்றுக்கு ஒரு வேகத்தடை.

பெட்டியை மூடி, குறியில் போனை வைத்தேன். 46. ஆச்சி வீட்டில் சத்தம் இருக்கிறதா இல்லையா என்று போன் ஆப்பால் சொல்ல முடியவில்லை. அன்று மதியம் ஆச்சி மூன்றரை வரை தூங்கினார்.

ஒரு வாரம் ராஜா மாதிரி திரிந்தேன். ஆனி பிறந்தது.

ஆனியிலும் ஆடியிலும் எங்கள் பக்கம் காற்று எப்படி என்று சொல்லத் தேவையில்லை. மலையைத் தாண்ட முடியாத தென்மேற்குக் காற்று செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் நெருக்கியடித்துக்கொண்டு பாயும். முப்பந்தலிலும் பணகுடியிலும் காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். எனக்குச் சோறு போடுவதும் அதுதான். அப்படிப்பட்ட நான், தட்டட்டியில் டக்டின் வாயை மேற்குப் பார்த்து வைத்திருந்தேன். அந்தப்பக்கம்தான் கைப்பிடிச்சுவர் தாழ்வு, குழாயைக் கட்ட வசதி என்று.

ஒரு மத்தியானம் டவர் மேல் இருக்கிறேன், வீட்டிலிருந்து போன். “ஏங்க, ஒங்க மைனரு மறுபடி கத்துது.” சிப் சூடு 88, விசிறி 4,300. காற்று டக்டின் வாய்க்குள் நேராக அடித்துக்கொண்டிருந்தது. நொடிக்கு 10 மீட்டர் காற்று நேருக்கு நேர் மோதினால் ஏறக்குறைய 60 பாஸ்கல் அழுத்தம். அரை வேகத்தில் ஓடும் டக்ட் விசிறியால் தள்ள முடிவதும் அந்த அளவுதான். விசிறி வெளியே தள்ள, ஆடிக்காற்று உள்ளே தள்ள, நடுவில் சூடு மாட்டிக்கொண்டது. அம்மியைப் பறக்க வைக்கும் காற்று என்பார்கள். என் அம்மி அசையவில்லை, அதன் மேல் இருந்தவன்தான் திணறிவிட்டான். இந்தக் கதையை வேலை செய்யும் இடத்தில் சொன்னது என் அடுத்த தப்பு. எட்டு மாதமாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஒரு எல்போ போட்டு வாயைக் கிழக்கே திருப்பினேன். இப்போது காற்று பின்னாலிருந்து கடக்கும்போது வாயருகே அழுத்தம் குறைந்து, உள்ளிருப்பதைக் கொஞ்சம் உறிஞ்சவும் செய்கிறது. காற்றுக்காலத்தில் மெஷின் மற்ற நாட்களைவிட இரண்டு டிகிரி குளிர்ச்சியாக ஓடுகிறது. வாயில் அணிலும் புறாவும் நுழையாமல் வலை, மேலே மழைக்குத் தொப்பி.

அதே காற்று தூசியையும் கொண்டுவரும். உள்ளே வரும் வழியில் முதலில் ஓர் அடிச் சதுரத்தில் வடிகட்டித் துணி வைத்தேன்; நான்கே நாளில் செம்மண் அப்பி மூச்சுத் திணறியது. இரண்டு அடிச் சதுரமாக மாற்றினேன். பரப்பு நான்கு மடங்கு, ஒரே அளவு காற்று, அதனால் துணி வழியே போகும் வேகம் கால் பங்கு. தடையும் குறைவு, அடைப்பதும் மெதுவாக. ஆனி முதல் ஆவணி வரை வாரம் ஒருமுறை அலசுகிறேன், மற்ற மாதங்களில் மாதம் ஒருமுறை.

மின்சாரப் பக்கம் இரண்டே வார்த்தை. நாள் முழுக்க ஓடும் சுமைக்கு 16 ஆம்பியர் சாக்கெட், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, தனி எம்சிபி (சுமை மீறினால் தானே அணையும் சுவிட்ச்). பழைய சாக்கெட்டில் தளர்வாக நின்ற பிளக்கின் பின் பழுப்பேறிப்போயிருந்ததைப் பார்த்தபோது இதைச் செய்தேன். பெட்டிக்குள் சூட்டுப்பக்கத்தில் 70 டிகிரியில் இணைப்பைத் துண்டிக்கும் ஒரு தெர்மோஸ்டாட்டும் வைத்திருக்கிறேன். டக்ட் விசிறி நின்றுபோனால் அது பார்த்துக்கொள்ளும். வேண்டுமென்றே விசிறியை நிறுத்தி ஒருமுறை சோதித்தும் பார்த்தேன்.

காலை எட்டரைக்குத் தானாக ஓடி, மாலை நான்கரைக்கு நிற்கிறது. நாளுக்கு 5.6 யூனிட், சோலார் தரும் 12 யூனிட் சொச்சத்தில் பாதிகூட இல்லை. தட்டட்டியில் வெளியேறும் சூட்டுக்காற்றில் மோர் மிளகாய் காயவைக்கலாமா என்று ஆச்சி கேட்டார். வருஷக்கணக்கான தூசி படிந்த பலகைகளைத் தடவி வரும் காற்றில் சாப்பிடும் சாமான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். “அப்ப ஐப்பசி மழையில துணியாவது காயுமா?” என்றார். அங்கேதான் சிக்கல். துணி காயாத நாளில் வெயில் இருக்காது. வெயில் இல்லாத நாளில் மைனர் ஓடாது. ஆச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

இன்னும் ஒன்று பாக்கி. மேகம் வந்து போகும்போது, சரியாகச் சொன்னால் மெஷின் வாட்டை ஏற்றி இறக்கிச் சரிசெய்யும்போது, ஒரு மெல்லிய கீச்சொலி வருவதாக மகள் சொல்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. ஆச்சிக்கும் கேட்கவில்லை. உயர்ந்த ஒலிகள் வயது ஏற ஏறக் காதிலிருந்து நழுவிவிடும், பன்னிரண்டு வயதுக்காரிக்கு அவை முழுசாகக் கேட்கும். பவர் சப்ளையில் இருக்கிற ஏதோ ஒரு கம்பிச்சுருள் அதிர்கிறது என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து வைத்து, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, எங்கிருந்து வருகிறது என்று கை காட்டச் சொல்ல வேண்டும். கூலியாக ஒரு பிளேட் இருட்டுக்கடை அல்வா கேட்டிருக்கிறாள்.